எடுக்கக் கூடாத போன்

டிரைவர் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டார், இனி எல்லாம் சுகம்தான் என்று போன வாரம் நிறைய பேர் நினைத்துக்கொண்டீர்கள். ஒரு வாசகி பத்திரிகை அலுவலகத்துக்கே போன் போட்டு, "இனிமேலாவது அந்தக் குடும்பத்தை நிம்மதியா இருக்க விடச் சொல்லுங்க" என்று சண்டை பிடித்தாராம். நானா அம்மா விடமாட்டேன் என்கிறேன்? அந்த வீட்டுக்கு நிம்மதி வாசல்வரை வருகிறது, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போகிறது. நான் என்ன செய்ய?

இன்றுதான் முதல் தடவையாகப் படிக்கிறீர்கள் என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கூரியர் கடையில் கவுன்ட்டரில் இருக்கிறாள். பார்சலைத் தராசில் வைக்கும் முன்பே எடையைச் சொல்லிவிடுவாள். வீட்டில் எல்லோரையும் அதட்டி வேலை வாங்குவாள். அதனால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். இளையவள் வாலு. பெயருக்கேற்ற பிள்ளை. கப்பலில் சமையல் வேலை பார்க்கிற ஒருவனைத்தான் கட்டுவேன் என்று நின்று, கட்டிக்கொண்டு, கடல் தாண்டிப் போனவள். "கரையில நிக்காதவனுக்கு என் பொண்ணு கிடையாது" என்று சொன்ன டிரைவர் அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாததுகூடப் பரவாயில்லை. வாலுவுக்கு ஆறாமல் கிடப்பது வேறொன்று. அவர் பஸ் ஓட்டிய காலத்தில் வீட்டுத் தெருமுனையைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார். குட்டை, குட்டை, நெட்டை. 'அப்பா போறேன்' என்று அர்த்தம். இரண்டு பெண்களும் விழுந்தடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடிவந்து கையாட்டுவார்கள். வீட்டை விட்டுப் போன அன்று வாலு பெட்டியோடு அதே தெருமுனையில்தான் நின்றாள். அப்பாவின் பஸ் வந்தது. நிற்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை.

இப்போது அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. புருஷன் நடுக்கடலில் இருக்கிறான். அவன் கரையேறும்வரை டாக்டர் காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். துணைக்கு மேனேஜர் விமானம் ஏறிப் போயிருக்கிறாள். வாலு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா குரலை ஒரு தடவை கேட்டுட்டு உள்ள போறேன்க்கா." போன வாரம் கடைசி வரியில் டிரைவர், "சரி, பேசறேன்" என்றார்.

இன்றுதான் ஆபரேஷன்.

*

டிரைவர் காலையிலேயே முகச்சவரம் செய்துகொண்டார். குளித்தார். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"முகூர்த்தத்துக்கா போறீங்க?" என்றாள் அம்மா.

"வீடியோல மூஞ்சி தெரியும்ல."

"உங்க மூஞ்சி அவளுக்குத் தெரியாதாக்கும்."

சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவின்மேல் போனைச் சாய்த்து வைத்தார். அதற்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து பார்த்தார். வெளிச்சம் பின்னால் இருந்து விழுந்து முகம் கறுப்பாகத் தெரிந்தது. எழுந்து நாற்காலியை இந்தப் பக்கம் போட்டார். பஸ்ஸில் ஏறியதும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிபண்ணுகிற பழக்கம், எங்கே போகும்?

பிறகு ஒத்திகை ஆரம்பமானது.

"என்னம்மா, நல்லா இருக்கியா?"

"ஆபரேஷனுக்குப் போறவளைப் பாத்து நல்லா இருக்கியான்னா கேப்பாங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"தைரியமா இரு."

"போலீஸ்காரர் மாதிரி இருக்கு."

"அப்ப நீயே சொல்லிக் குடுடி."

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வாலுன்னு கூப்பிடுங்க. அது போதும். மத்தது தானா வரும்."

டிரைவர் வாயைத் திறந்தார். மூடினார். அந்தப் பெயரை இத்தனை வருஷமாக வாயில் வைக்காதவர். ஒத்திகைக்குக்கூட வரவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிப் போனாள். வீடியோ கால் சாயந்திரம்தான், அதற்குள் துணியைக் காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

இங்கே போனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்ததைப் படித்துவிட்டு அந்த மனுஷனைத் திட்டுவீர்கள்.

மேனேஜர் ஊருக்குக் கிளம்பும் முன் மொபைல் கடைக்காரர் அவளுக்கு ஒரு பாடமே எடுத்து அனுப்பினார். "நம்ம சிம்மைக் கழட்டாதீங்க, பேங்க் மெசேஜ் வரும். ஆனா அதுல நெட்டை மட்டும் அணைச்சு வெச்சிடுங்க. அங்க போனதும் அந்த ஊர் சிம் ஒண்ணு வாங்கி ரெண்டாவது ஸ்லாட்ல போடுங்க. நெட்டுக்கு அது. எங்கயாவது ஓசி வைஃபை கிடைச்சா அதையும் விடாதீங்க. நம்ம சிம்ல மட்டும் பேசிடாதீங்க. அங்க இருந்து நீங்க பேசினாலும் காசு, இங்க இருந்து வர்ற காலை நீங்க எடுத்தாலும் காசு."

மேனேஜருக்கு இதைச் சொன்னால் போதாதா? அன்று மாலையே அப்பா அம்மா இருவரையும் உட்காரவைத்துச் சட்டம் போட்டுவிட்டாள். வீட்டுப் போனில் இரண்டு விதமான சத்தம் வரும். குமிழி வெடிக்கிற மாதிரி 'பளக் பளக்' என்று வந்தால் நெட் கால். அதை எடுக்கலாம், ஆசை தீரப் பேசலாம், செலவில்லை. மணி அடிக்கிற மாதிரி வந்தால் அது சாதாரண கால். அதை எடுக்கவே கூடாது. ஒரு மணி அடித்துக் கட்டானால், 'நாங்க நல்லா இருக்கோம்' என்று அர்த்தம். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

முதல் நாளே டிரைவர் கோட்டை விட்டார். மணி அடித்ததும் பழக்கதோஷத்தில் எடுத்து, "ஹலோ, யாரு? யாரு பேசறது?" என்றார். மேனேஜர் அங்கிருந்து வெடித்துவிட்டாள். "அப்பா! இந்த சிம்ல இருக்கற காசு அவசரத்துக்கு வெச்சிருக்கறது. நாளைக்கு அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எதை வெச்சுக் கூப்பிடுவேன்? இன்னொரு தடவை எடுத்தீங்க, சுத்தமா தீர்ந்துடும்!"

அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா. அந்த வார்த்தை டிரைவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து மணிச் சத்தம் கேட்டால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கை தன்னிஷ்டத்துக்கு நீண்டுவிடக் கூடாதாம். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

*

ஆஸ்பத்திரியில் மேனேஜர் வாலுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பச்சை உடுப்பு நர்ஸ் ஒருத்தி உள்ளே வந்து என்னவோ சொன்னாள். மேனேஜருக்கு அந்த மொழி புரியவில்லை. ஆனால் கைக்குள் இருந்த தங்கையின் முடி சட்டென்று அசையாமல் நின்றது புரிந்தது.

"என்னவாம்?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்குக் காய்ச்சலாம். அவங்களைத் தள்ளி வெச்சிட்டாங்க. என்னை இப்பவே கூட்டிட்டுப் போறாங்களாம்."

"இப்பவேன்னா?"

"இப்பவேதான்க்கா. வண்டி எடுத்துட்டு வரப் போயிருக்கா."

அப்பாவிடம் சாயந்திரம் என்று சொல்லியிருந்தாள். பரவாயில்லை, இப்போதே கூப்பிடலாம். பையிலிருந்து போனை உருவினாள். நெட் காலை அழுத்தினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டு மறுபடி அழுத்தினாள். சுற்றியது. மேலே ஒரு மெசேஜ் நின்றுகொண்டிருந்தது. எழுத்து புரியாமல் தங்கையிடம் நீட்டினாள்.

"அக்கா, இந்த ஊர் சிம்ல உன் டேட்டா தீர்ந்து போச்சு."

"எப்படித் தீரும்? நான் தொடவே இல்லையே! கீழ காபிக் கடை வைஃபைலதானே பேசிட்டு இருக்கேன்!"

அதுதான் உண்மை. இருப்பதிலேயே விலை குறைந்த ஒரு பன்னை வாங்கி வைத்துக்கொண்டு, காபிக் கடைக்காரன் முறைக்க முறைக்க, அவன் வைஃபையிலேயே தினமும் வீட்டோடு பேசிச் சிக்கனம் பிடித்தவள் அவள். அவள் தொடவில்லை. ஆனால் போன் சும்மா இருக்கவில்லை. அவளிடமிருந்த கல்யாண போட்டோ, கடை போட்டோ, சின்ன வயசு ஆல்பத்தை வைத்து எடுத்த போட்டோ என்று அத்தனையையும் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று ராவோடு ராவாக நெட்டில் மேலே ஏற்றிவிட்டிருந்தது. தானாக ஏற்றுகிற அந்த ஒரு பொத்தானை அணைக்க வேண்டும் என்று மொபைல் கடைக்காரரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"நான் கீழ ஓடிப் போய் வைஃபை போட்டு..."

"நீ கீழ போய்ப் பேசினா எனக்கு எப்படிக்கா கேக்கும்?" வாலு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை விட்டுட்டுப் போகாதே."

மேனேஜர் போகவில்லை. திரும்பி வந்த நர்ஸின் கையைப் பிடித்து, போனைக் காட்டி, காதில் வைப்பதுபோல் சைகை செய்து கெஞ்சிப் பார்த்தாள். நர்ஸ் தன் காலிப் பைகளை இழுத்துக் காட்டினாள். வேலை நேரத்தில் அவர்களிடம் போன் கிடையாதாம். வாலுவின் போனையும் காலையிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிட்டிருந்தார்கள்.

சரி. நம்ம சிம் இருக்கிறதே. அவசரத்துக்கு என்று வைத்திருக்கிற காசு இருக்கிறதே. இதைவிட அவசரம் எது?

வீட்டு எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டுத் தங்கையின் தலையணைமேல் வைத்தாள். மணி போயிற்று.

*

வீட்டில் சர்க்கரை டப்பாமேல் இருந்த போன் மணி அடித்தது.

டிரைவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். திரையில் மேனேஜரின் படம். ஒரு மணி. இரண்டு மணி. கட்டாகவில்லை. கட் பண்ண மறந்துட்டா போலிருக்கு, பதட்டத்துல இருப்பா, என்று நினைத்துக்கொண்டார். அடித்து அடித்து ஓய்ந்தது.

உட்காரப் போனார். மறுபடி அடித்தது. மறுபடி நின்றார். "நல்லா இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் வலது கை துடித்தது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எடுத்தால் காசு தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் கூப்பிட வழியில்லை. வாழ்நாளில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டாதவர். இந்த ஒரு சட்டத்தையா மீறிவிடுவார்?

ஒரு மெசேஜ் 'டிங்' என்று வந்து விழுந்தது. படிக்கிற கண்ணாடி பக்கத்தில் இல்லை. 'கம்பெனிக்காரன், ரீசார்ஜ் பண்ணச் சொல்லுவான்' என்று விட்டுவிட்டார்.

மறுபடியும் மணி.

*

"அக்கா, போதும்" என்றாள் வாலு.

"இரு, இன்னொரு தடவை. மெசேஜும் போட்டிருக்கேன்."

"மூணு தடவை முழுசா போயிடுச்சுக்கா. போன் பக்கத்துலயேதான் இருக்கும். அவங்க ரெண்டு பேரும் இன்னைக்கு அதை விட்டுட்டு நகருவாங்களா?"

போன் பக்கத்தில்தான் இருக்கும் என்று மேனேஜருக்கும் தெரியும்.

"கல்லு மனசுடி அவருக்கு" என்று குமுறினாள். "பேசறேன்னு நம்ப வெச்சு இப்படிக் கழுத்தறுக்கணுமா? அன்னைக்கு பஸ்ஸை நிறுத்தாம போனாரே, அதே ஆளுதான். கொஞ்சம்கூட மாறலை."

"திட்டாதேக்கா. சரின்னு சொன்னதே பெருசு. அந்த நேரம் வந்ததும் வாய் வந்திருக்காது." வாலு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "எனக்கு மட்டும் வந்திருக்குமா? ஹலோ சொன்னதுமே அழுதிருப்பேன். விடு."

காதிலிருந்த தோட்டைக் கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தாள். வண்டிக் கட்டிலில் அவளை மாற்றிப் படுக்கவைத்தார்கள். நர்ஸ் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டாள். சக்கரம் உருளத் தொடங்கியது. மேனேஜர் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். இன்னொரு கையால் வீட்டு எண்ணை இன்னொரு முறை அழுத்தினாள்.

மணி போயிற்று. யாரும் எடுக்கவில்லை.

*

வெறும் வாளியோடு அம்மா மாடிப்படி இறங்கி வரும்போது அந்தக் கடைசி மணியின் வால் அவள் காதில் விழுந்தது.

"யாரு போன்ல?"

"மேனேஜர்தான்." டிரைவர் கையை இன்னும் அவிழ்க்கவில்லை. "நல்லா இருக்கோம்னு சொல்றா."

"ஒரு மணியா?"

"இல்ல, முழுசா அடிச்சுது. நாலு தடவை."

"நாலு தடவையா? நல்லா இருக்கோம்னு எவளாவது நாலு தடவை சொல்லுவாளா?"

வாளி கையிலிருந்து விழுந்தது. போனைப் பறித்தாள். மெசேஜைத் திறந்தாள். படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"அப்பா எடுங்க. நெட் இல்ல. அவளை இப்பவே உள்ள கூட்டிட்டுப் போறாங்க. எடுங்கப்பா."

டிரைவரின் கைகள் தாமாகவே அவிழ்ந்தன. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் எடுக்கலை" என்றார். "என் முன்னாடியே அடிச்சுது. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

"ஐயோ, இப்ப அதைச் சொல்லிட்டு இருக்க நேரமில்ல. கூப்பிடுங்க. இந்தாங்க, கூப்பிடுங்க."

"அவ என்ன நினைச்சிருப்பா? அப்பன் மறுபடியும் நிக்காம போயிட்டான்னு நினைச்சிருப்பா." முகம் கோணிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அம்மா பார்த்ததில்லை. "வாலு, வாலு" என்றார். காலையிலிருந்து வராத பெயர் இப்போது நிற்காமல் வந்தது. ஆனால் குரல் உடைந்து சிதறி, குரலாகவே இல்லை.

அம்மா எண்ணைத் தேடி எடுத்துக் கையில் கொடுக்கப் போனாள். அவர் தலையை ஆட்டினார்.

"இந்தக் குரலையா கேட்டுட்டு உள்ள போகணும்? அப்பா அழறாருன்னு நினைச்சுக்கிட்டேவா அவ மயங்கணும்? வேணாம்."

"பின்ன என்னதான் பண்ணப் போறீங்க?"

டிரைவர் சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். போனை வாங்கினார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஸ்டியரிங் பிடித்த காலத்தில் அப்படித்தான் உட்காருவார்.

*

இரட்டைக் கதவுக்கு முன்னால் கட்டில் நின்றது. இதற்கு மேல் உறவினர் வரக்கூடாது என்று நர்ஸ் உள்ளங்கையைக் காட்டினாள்.

அப்போது மேனேஜரின் கையில் போன் அடித்தது. திரையில் 'வீடு'.

"பாத்தியா, கூப்பிட்டுட்டார்!" விரலை எடுத்துக்கொண்டு போவதற்குள் கட்டாகிவிட்டது. "அட, கட் பண்ணிட்டாரே!"

மறுபடி ஒரே ஒரு மணி. மறுபடி கட்.

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த நேரத்துல மிஸ்டு கால் குடுத்து விளையாடறார் பாரு! சிக்கனம் பிடிக்கற நேரமா இது?"

"அக்கா, இரு." வாலு தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். ஊசி குத்திய கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கொஞ்சம் இரு."

மூன்றாம் முறை அடித்தது. இந்த முறை நிற்கவில்லை. மேனேஜரின் கட்டை விரல் பச்சை வட்டத்துக்குப் போயிற்று.

"எடுக்காதே!"

"ஏண்டி?"

"எடுத்தா நின்னுடும்க்கா. கேளு. நல்லா கேளு." வாலுவின் கண்ணிலிருந்து நீர் காதோரமாக ஓடிக்கொண்டிருந்தது. உதடுகள் சிரித்துக்கொண்டிருந்தன. "குட்டை, குட்டை, நெட்டை."

மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் ஒரே ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்ற நாளெல்லாம் எங்கிருந்தோ எழுந்து வந்து எதிரே நின்றது.

அந்த நீளமான நடைவழி முழுக்க மணி அடித்தது. நர்ஸ் உதட்டில் விரலை வைத்துச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். பிறகு வாலுவின் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, விரலை எடுத்துவிட்டுப் பேசாமல் நின்றாள்.

வாலு கையை உயர்த்தி ஆட்டினாள். அக்காவுக்கு இல்லை. போனுக்கு.

"கேட்டுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

மணி ஓயும்வரை நர்ஸ் காத்திருந்தாள். பிறகு கட்டிலைத் தள்ளினாள். கதவுகள் திறந்து, அவளை உள்ளே வாங்கிக்கொண்டு, மூடிக்கொண்டன. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

*

மேனேஜர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு உள்ளங்கையில் தோடு. இன்னொன்றில் போன். போன் மறுபடியும் அடித்தது. எடுத்தாள்.

"அப்பா."

"ஐயையோ, எடுத்துட்டியா? காசு போகுமேம்மா."

"போகட்டும்பா."

"உள்ள போயிட்டாளா?"

"போயிட்டா. கேட்டுட்டுதான் போனா. கையாட்டினாப்பா. உங்களுக்குக் கையாட்டிட்டுப் போனா."

அந்தப் பக்கம் அம்மா தூரத்தில், "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்பா முதல்லயே எடுக்கலை?" கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். குரல் வேறு மாதிரி வந்தது. "அவ்வளவு தடவை அடிச்சேனே. அவ எப்படித் தவிச்சுப் போனா தெரியுமா? நான் உங்களைக் கண்டபடி திட்டிட்டேன்."

"நீதானேம்மா எடுக்கக் கூடாதுன்னு சொன்னே" என்றார் டிரைவர். குற்றம் சொல்கிற தொனி இல்லை. சொன்னதைக் கேட்டேனே என்கிற தொனி. "எடுத்தா தீர்ந்துடும், அவளுக்கு ஒண்ணுன்னா கூப்பிட முடியாதுன்னே. அதனாலதான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டம் போட்டது யார்? இந்த வாயல்லவா? கல்லு மனசு என்று ஊர் பேர் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு அவரைத் தூற்றியதும் இதே வாய்தான். அங்கே அவர் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"தப்பு என்மேலதான்பா. மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்றதைக் கேளு. காசு தீர்றதுக்குள்ள சொல்லிடறேன்." டிரைவர் மூச்சு வாங்கினார். ஏதோ ஒன்றை உள்ளேயிருந்து பிடுங்கி எடுப்பவர்போல் பேசினார். "அவ வெளிய வந்து கண்ணு முழிச்சதும் இதைச் சொல்லணும். நான் அவகிட்ட இத்தனை வருஷமா சொல்லலை. உங்க அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல."

"என்னப்பா?"

"அன்னைக்கு தெருமுனையில ஹாரன் அடிக்காம போனேன் பாரு, அது கோவத்துல இல்லம்மா. சத்தியமா கோவத்துல இல்ல. நான் பிரேக்ல கால் வெச்சுட்டேன். அப்பதான், பஸ்ஸுல பின்னாடி சீட்டுல உக்காந்திருந்த..."

'டுக்' என்றது போன்.

"அப்பா? யாருப்பா? யார் உக்காந்திருந்தா? அப்பா!"

வீட்டு எண்ணை அழுத்தினாள். உங்கள் கணக்கில் போதிய தொகை இல்லை என்று ஒரு பெண் குரல், வீட்டு மொழியில், மிக அழகாகச் சொன்னது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே குரல். நெட் இல்லை. காபிக் கடை கீழே இருக்கிறது. ஆனால் இந்தக் கதவு எப்போது திறக்கும், யார் வந்து இவளைத் தேடுவார்கள் என்று தெரியாது. எழுந்து போக முடியாது. வீட்டுப் பக்கம் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ரீசார்ஜ் பண்ண ஓடியிருப்பாள். மொபைல் கடைக்கு இன்று வார விடுமுறை.

அவசரத்துக்கு என்று வைத்திருந்தது தீர்ந்துவிட்டது.

அப்பா சொல்ல வந்ததில் பாதி அவரிடமே நின்றுவிட்டது. அதைக் கேட்க வேண்டியவள் சிவப்பு விளக்குக்கு அந்தப் பக்கம், எதையும் கேட்க முடியாத தூக்கத்தில் இருந்தாள். நடுவில் மேனேஜர் தங்கையின் தோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, பேச்சற்றுப் போன போனோடு கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.